மூச்சையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடுமையான நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் சேருபவர்களுக்குச் செய்யும் பரிசோதனைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சி.டி. ஸ்கேனைப் பற்றித் தெளிவாக எழுதியிருந்தார்கள். நெஞ்சக நோய் வார்டில் பல வருடங்கள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து, நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதியாகி விடுகிறார்கள். வார்டில் பணியில் இருப்பவர்களிலும் அப்படி உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது மூச்சின் எண்ணிக்கை. பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். ஒருவர் 32 முறை வாங்கிக்கொண்டிருக்கும்போதும் ஆக்சிமீட்டர் 95 காட்டலாம். அந்த 95-ஐ அவர் உடம்பு படாத பாடு பட்டுத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கழுத்துத் தசை இழுக்கும், இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்து உட்காருவார், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாது. சரி, படுக்கையருகே தொங்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? பல இடங்களில் எல்லா நோயாளிக்கும் 20, 20, 20 என்றுதான் இருக்கும். எண்ணாமல் எழுதியது அது. எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சைத்தான் எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் அவரை அறியாமலேயே மூச்சு மாறிவிடும்.

ஆக்சிமீட்டரை நான் குறை சொல்லவில்லை, அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் அது விரலுக்குள் ஒளியைச் செலுத்திக் கணக்குப் போடுகிற கருவி. கை சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கணக்கு தவறும். புகையில் மாட்டிக் கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்தவருக்கு, ஆபத்தான நிலையிலும் நல்ல எண்ணையே காட்டும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையில் இருப்பதைவிடக் கூட்டிக் காட்ட வாய்ப்பு அதிகம். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி கண்டுபிடிக்காமல் விட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கரியமில வாயு. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., முற்றியவர்களுக்கு அது வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். ஆக்சிமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. இரவெல்லாம் உட்கார்ந்தபடி இளைத்துக்கொண்டிருந்தவர் விடியற்காலையில் அசந்து தூங்குவார். கருவியில் 98. "இப்பத்தான் சிஸ்டர் கண்ணயர்ந்தாரு, எழுப்பாதீங்க" என்பார் பக்கத்தில் இருக்கும் மனைவி. எழுப்பினால் சட்டென்று எழ மாட்டார். எழுந்தாலும் பேச்சு குழறும், கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு துவண்டு துவண்டு ஆடும். அது தூக்கமில்லை, கரியமில வாயு ஏறிய மயக்கம். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுச் சோதனை பார்த்தால், 35 முதல் 45 வரை இருக்க வேண்டிய கரியமில வாயு அளவு 70, 80 என்று நிற்கும். உடனே கவனித்து முகக் கவசம் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தால் பலர் தெளிந்துவிடுவார்கள். இந்த ஆபத்து உள்ளவர்களுக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கரியமில வாயு இன்னும் ஏறும். ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று மருத்துவர்கள் குறித்து வைப்பது இதனால்தான். "90தானே காட்டுது" என்று பாசத்தில் வீட்டார் ஆக்சிஜன் குமிழைத் திருகிக் கூட்டிவிடுகிறார்கள். தயவு செய்து அதில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம், ஸ்கேன் ரிப்போர்ட். 'கிரவுண்ட் கிளாஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் இதுதான் நோய் என்று முடிவுகட்டி அழுதவர்களை எனக்குத் தெரியும். நுரையீரலில் மங்கலாகத் தெரியும் அந்த வெண்திட்டு வைரஸ் நிமோனியாவில் வரும், இதயம் பலவீனமாகி நீர் கோத்தாலும் வரும், உள்ளே ரத்தம் கசிந்தாலும் வரும், சில மருந்துகளாலும் வரும். மேல் பகுதியில் பொந்து தெரிந்தால் முதலில் காசநோய் நினைவுக்கு வருவது சரிதான், ஆனால் புற்றுநோயும் பூஞ்சையும்கூட அப்படிப் பொந்து போடும். அதனால்தான் சளிப் பரிசோதனை. நுண்ணோக்கியில் கிருமி கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். ஆகவே 'நெகட்டிவ்' என்று வந்ததும் காசநோய் இல்லை என்று கிளம்பிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்றுக்கொண்ட மரபணுச் சோதனை, கிருமி இருக்கிறதா, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்தச் சோதனையும் உதவாது. காலையில் ஆழமாக இருமி வரும் சளிதான் வேண்டும், இதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் திடீரென்று மூச்சுத் திணறுகிறவருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். 'படத்தில் ஒன்றுமில்லை' என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இன்று தெரியும் சிறு முடிச்சு இரண்டு வருடங்களுக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. பழைய படம் கைவசம் இல்லாததால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு.

அடுத்து ஸ்பைரோமெட்ரி பற்றியும் ஒரு நெஞ்சக நோய் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்கும் எளிய சோதனை அது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சி.ஓ.பி.டி. என்பது உறுதியாகும். ஒரு முறைகூட அதை ஊதிப் பார்க்காமல் வருடக்கணக்கில் இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்