சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. பத்திரிகைகள் தடையின்றி வந்தன. வாசிகசாலைக் கூரையின் ஒழுக்கு மாரிக்கு முன்னமே அடைக்கப்பட்டது. சந்தா நிலுவையைப் பொருளாளர் சொல்வார். நான் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

இவ்வருடத்தின் பெரிய வேலை பழைய கணினியோடுதான். எமது ஆண்டு மலர்களும் அங்கத்தவர் பதிவேடும் அதற்குள்ளேதான், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடந்தன. வைகாசியில் ஒருநாள் அது எழும்பவில்லை. கழற்றிப் பார்த்தால் தாய்ப்பலகையில் கொண்டன்சர்கள் தலை வீங்கி நின்றன. யாழ்ப்பாணம் நகரத்துக் கடையொன்றில் "எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ" என்றார்கள். வன்தட்டில் பழுதில்லை என்பதை அவர்கள் பார்க்கவேயில்லை.

புதுக் கணினியில் கோப்புகளை மட்டும் போட்டுத் திறக்கலாமே என்று சபையில் கேட்டார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பே 2001இல் வந்தது, புதுக் கணினியில் அதை நம்ப முடியாது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் எழுத்துரு என்பதால், அது இல்லாத இடத்தில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும்.

ஆகவே, கணினி படிக்கும் எங்கள் தம்பி ஒருவர் வன்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து, தன் லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓட்டிப் பார்த்தார். கணினிக்குள் இன்னொரு கணினி. பழைய கணினியின் இயங்குதளமான விண்டோஸ் எக்ஸ்பியின் சின்னம் மின்னும், உடனே பிழை காட்டும் நீலத்திரை விழும், திரும்பத் தொடங்கும். இரண்டு பின்னேரம் இதே கூத்து. வன்தட்டுப் படி அந்த மெய்நிகர் கணினியில் சாட்டா என்ற புதிய இணைப்பு முறையில் இணைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். அந்த முறையில் வட்டைப் படிக்க உதவும் இயக்கி மென்பொருள் எக்ஸ்பியிடம் இல்லை. பழைய முறையான ஐடிஈக்கு மாற்றியதும் எக்ஸ்பியின் முகப்புப் படமான பச்சை மேடும் நீலவானும் வந்தன. கரம் விளையாடினவர்களும் எழும்பி வந்து பார்த்தார்கள். "என்ரை ஃபைல் எல்லாம் வைச்ச இடத்திலையே கிடக்குது" என்றார் முன்னாள் செயலாளர் ஐயா.

எக்ஸ்பியோ, வன்பொருள் மாறிவிட்டது, மூன்று நாளுக்குள் உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்து, இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்றது. 2014 ஏப்ரல் 8உடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால், அதற்காக மெய்நிகர் கணினிக்கு இணையத்தைத் திறந்துவிட எனக்கு மனமில்லை. மூன்று நாளும் முறை வைத்து இருந்து, மலர்கள் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கினோம். நடுவில் ஒருதரம் மின்வெட்டு. லப்டொப் பற்றரி காப்பாற்றியது.

பதிவேட்டை, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் பின்னால் சேரும். மாற்றியதில் சில பெயர்களில் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவிவிட்டது. ஒவ்வொரு பெயரையும் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். எனக்கோ கண்ணாடி போட்டும் சிறிய எழுத்துத் தெரிவதில்லை. சனிக்கிழமைகளில் இரண்டு பேர் வந்தால் தைக்குள் முடிக்கலாம்.

வன்தட்டுப் படியின் ஒரு பிரதி நிலைய அலுமாரியிலும் மற்றது பொருளாளர் வீட்டிலும் உள்ளன. எக்ஸ்பியின் கடவுச்சொல் இதுவரை ஒருவர் நினைவில் மட்டுமே இருந்தது. இப்போது கூட்டறிக்கைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

செயலாளர்