கஸ்தூரியார் வீதி அண்ணாவுக்கு நன்றி

2012இல் உயர்தரம் எழுதிவிட்டு, ஊர் வாசிகசாலையின் புத்தகப் பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். 'கொக்குவில்' என்று தேடினால் பாதிப் புத்தகம் வராது. எழுத்திலோ ஒரு பிழையும் இல்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நெற் கஃபேயில் பக்கத்துக் கதிரையில் இருந்த அண்ணா எட்டிப் பார்த்தார். "தம்பி, கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு" என்றார்.

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யுனிகோடு முறையில், 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்ற வேண்டும். அந்த நிரலை என்னைக் கொண்டே எழுத வைத்தார், மழை விடும்வரை. அப்புறம் என் நேரத்துக்கும் தானே காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை, அது இன்றும் மனதில் கிடக்கிறது.

நான் மென்பொருள் பொறியியலாளர் ஆனேன். பழைய தமிழ் அச்சுப் பக்கங்களைக் கணினியை வாசிக்க வைப்பதுதான் இப்போது என் ஆய்வு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த சுமார் 97,000 நூல்களை நினைக்காமல் எனக்கு இந்த வேலை ஓடாது.

அண்ணா, இதை வாசித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். நீங்கள் எழுத வைத்த அந்தச் சிறு பகுதி என் நிரல்களில் இன்றும் முதலில் ஓடுகிறது.