குதிரை போன வழியில் கல்யாணம்

மூப்பர் ஜான் க்ளைன் ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லின்வில் க்ரீக் பக்கம் வாழ்ந்து மறைந்தவருக்குத் தமிழில் கடிதம் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். உங்கள் டைரி 1900இல் புத்தகமாக வந்தது. அதைப் பல ராத்திரி கண்விழித்துப் படித்த உரிமையில் எழுதுகிறேன்.

ஊர்க்காரர்கள் டங்கர் என்று அழைத்த உங்கள் சகோதரர் சபைக் குடும்பங்களின் வம்சாவளித் தாள்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எல்லாம் ஏர் பிடித்த ஜனம். ஆனால் மாப்பிள்ளை ஒரு மாநிலம், பெண் இன்னொரு மாநிலம், பேரன் பிறந்தது மூன்றாவது மாநிலம். பிரசங்கியார் பீட்டர் நீட் உங்களுக்குத் தெரிந்தவர்தானே? பிறந்தது மேரிலாந்து ஹேகர்ஸ்டவுனில். பெண் எடுத்தது உங்கள் ராக்கிங்ஹாம் கவுண்டியில், யவுண்ட் வீட்டில். கண்மூடியது ஒஹையோவில், டேட்டன் பக்கம். ரயிலும் இல்லாமல், எங்கள் பக்கம் போலத் தரகரும் இல்லாமல் இது எப்படி நடந்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

சபைக்கு வெளியே பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது, அதனால் தூரத்தில் தேடினார்கள் என்பது பலரும் சொல்லும் பதில். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. நீங்கள் பிறப்பதற்கு முன்னால், ஜெர்மனியின் கிரேஃபெல்டில், ஹெக்கர் என்ற இளம் சகோதரர், மெனோனைட் என்ற வேறொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த வியாபாரி ஒருவரின் மகளைக் கட்டிக்கொண்டார். அவரைச் சபைநீக்கம் செய்தார்கள். சபை இரண்டுபட்டது. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க இருந்தவர்களில் பலர் பின்வாங்கிவிட்டார்கள். அந்த மனக்கசப்பு ஆறாத நிலையில்தான் 1719இல் பீட்டர் பெக்கர் சுமார் இருபது குடும்பங்களோடு பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறினார். அமெரிக்கா வந்த கதைக்குள்ளேயே ஒரு கல்யாணச் சண்டை இருக்கிறது.

ஆனால் கட்டுப்பாடு மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வாலிபர்கள் பெரும்பாலும் கல்யாணமாகி, குடும்பஸ்தர் ஆனபிறகுதான் ஆற்றில் இறங்கி மும்முறை முழுக்கு எடுத்தார்கள். அதாவது பெண் தேடும் வயதில் அவர்கள் சபை உறுப்பினரே இல்லை, சட்டம் அவர்களை அவ்வளவாகக் கட்டாது. அப்படியும் டங்கர் வீட்டுப் பெண்ணையே கட்டினார்கள் என்றால், அவர்கள் கண்ணில் பட்டவர்கள் யார் என்பதுதான் விஷயம்.

கண்ணில் பட வைத்தது அன்பின் விருந்து என்ற உங்கள் சபையின் இராப்போஜன ஆராதனை. சனிக்கிழமை பொழுது சாய, நீண்ட மேசையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதலில் பாதம் கழுவுதல். அப்புறம் இறைச்சி ரசத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஒரே கிண்ணத்தில் நாலைந்து பேர் கரண்டி விட்டுச் சாப்பாடு. அதன்பிறகு அப்பமும் திராட்சரசமும். மேசையில் உட்காரும் தகுதி உறுப்பினருக்கு மட்டும். முழுக்கு எடுக்காத பிள்ளைகள் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், இல்லையென்றால் முற்றத்தில் வண்டிகளுக்கு நடுவே. மூப்பர்கள் குனிந்து பாதம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே யார் யாரைப் பார்த்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை!

வந்தவர்கள் அன்றைக்கே திரும்ப முடியாது. சில ஆராதனை வீடுகளில் மச்சில் படுக்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் அக்கம்பக்கத்துச் சகோதரர் வீட்டில் தங்கினார்கள். யவுண்ட் வீட்டிலேயே சபை கூடியதே. அறைகளுக்கு நடுவில் கீல் வைத்த பலகைத் தடுப்பு, அதை விலக்கினால் வீடே ஆராதனைக் கூடம். அங்கே பிரசங்கம் செய்ய வருகிறவனுக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அறிமுகம் செய்துவைக்க ஆள் வேண்டுமா என்ன.

இதையே பெரிதாக்கினால் பெந்தெகொஸ்தே பண்டிகை சமயத்தில் நடக்கும் சபையின் வருடாந்தரக் கூட்டம். ஒரு வருடம் பென்சில்வேனியா, அடுத்த வருடம் வர்ஜீனியா, பிறகு ஒஹையோ என்று ஊர் மாறும். மூப்பர்கள் உள்ளே உடையையும் உபதேசத்தையும் பற்றி வாதாட, குடும்பங்கள் பல நாள் கலந்து பழகின.

இன்னொன்றும் தோன்றுகிறது. தூரம் தூரம் என்கிறோமே, அதில் பாதி பிற்பாடு வந்த தூரம். பென்சில்வேனியாவிலிருந்து பெரிய வண்டிப் பாதை வழியே ஷெனண்டோவா பள்ளத்தாக்கு, அங்கிருந்து ஒஹையோ, இண்டியானா என்று இவர்கள் கூட்டமாகவே நகர்ந்தார்கள். மேரிலாந்து ஹேகர்ஸ்டவுன்காரர்கள் ஊர்ப் பெயரைக்கூட மூட்டை கட்டிக்கொண்டு போனதில் இண்டியானாவிலும் ஒரு ஹேகர்ஸ்டவுன் முளைத்தது. முந்நூறு மைல் தள்ளிப் பெண் எடுத்தவன், பல சமயம் தாத்தா காலத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டில்தான் எடுத்திருப்பான். போகிறவர்கள் கையில் பழைய சபையின் சாட்சிக் கடிதம் இருக்கும். புது ஊரில் அந்தத் தாளை நீட்டினால் போதும், கதவு திறக்கும்.

இந்தக் கதவுகளையெல்லாம் இணைத்தது உங்களைப் போன்றவர்களின் குதிரைதான். சம்பளமில்லாத ஊழியம். நெல் என்ற உங்கள் பெண்குதிரை மேலேறி அலெகெனி மலையைத் தாண்டிப் போவீர்கள். எத்தனை மைல், ராத்திரி யார் வீட்டில் தங்கினீர்கள், எந்த வசனத்தை எடுத்துப் பேசினீர்கள் என்று எழுதி வைத்தீர்கள். விடிந்ததும் அந்த வீட்டு அம்மா வாசல் வரை வந்து, உங்கள் பக்கம் நல்ல குடும்பத்துப் பையன் யாராவது இருக்கிறானா என்று கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதை ஏன் ஐயா எழுதாமல் விட்டீர்கள்?

1861இல் உள்நாட்டுப் போர் வந்து அந்த வழியை வெட்டியது. ஒரே வம்சத்தின் பாதி வடக்கில், பாதி தெற்கில். அடிமை வைத்திருக்கக் கூடாது, துப்பாக்கி தூக்கக் கூடாது என்ற சபையின் தலைவர் இரு பக்கமும் போய்வந்தால் பொல்லாத கண்கள் சும்மா இருக்குமா? 1862இல் உங்களைச் சிறையில் வைத்தார்கள். அப்படியும் 1864 மே மாதத்தில், இண்டியானாவின் அந்த ஹேகர்ஸ்டவுன் பக்கம் நடந்த வருடாந்தரக் கூட்டத்துக்குப் போய், தலைமை தாங்கி, ஊர் திரும்பினீர்கள். ஜூன் 15 அன்று குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில், ஊருக்குப் பக்கத்துக் காட்டுப் பாதையிலேயே சுட்டுவிட்டார்கள்.