ஐஃபல் காட்டிலிருந்து குலசேகரத்துக்கு

ஆகன், ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பா,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அன்று போனில் என் புது 'கிராவல்' சைக்கிளை, அதாவது கல் பாதையில் ஓட்டும் சைக்கிளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை, அதற்குள் சித்தி போனை வாங்கிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். விலையை மட்டும் சித்தியிடம் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் டியூப் விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், இந்தச் சைக்கிளில் டியூபே கிடையாது. டயரின் ஓரம் ரிம்மில் காற்றுப் புகாதபடி இறுகி உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே கொஞ்சம் வெள்ளைத் திரவம் ஊற்றுகிறோம். அந்தப் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியை நீங்களாக இருந்தால் நொடியில் கண்டுபிடித்திருப்பீர்கள். பால் உறைந்துவிடாமல் இருக்க ரப்பர் தோட்டத்தில் அமோனியா ஊற்றுவார்களே, அதே நெடி! அடிப்படைச் சரக்கு நம் ரப்பர் பால்தான். முள் குத்தினால் காற்றோடு சேர்ந்து பீய்ச்சும் பால் அந்தத் துளையிலேயே உறைந்து அடைத்துவிடுகிறது. தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி தேட வேண்டாம், சொல்யூஷன் தடவிக் காய வைக்க வேண்டாம். பஞ்சர் ஒட்டும் உங்கள் தொழிலுக்கு எதிரிதான் என்றாலும் பயப்படாதீர்கள். சில மாதங்களில் பால் உள்ளேயே வற்றிவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் பாலால் ஒன்றும் ஆகாது. ஆகவே என் பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்கும்.

டயர் 45 மில்லிமீட்டர் அகலம். அதில் 35 பவுண்டு காற்றுதான். நீங்கள் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு "காற்று போதாது" என்று பம்பைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். ஆனால் கல் பாதையில் டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் பிடிப்பு இருக்கும், கையும் மரத்துப்போகாது. ஹேண்டில்பார் ஆட்டுக்கிடாயின் கொம்பாக வளைந்திருக்கும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எதுவும் இல்லாமல் வாங்கினேன். மணியை மட்டும் பிறகு மாட்டிக்கொண்டேன், இங்கே அது சட்டம்.

இத்தனை செலவு செய்து காட்டுக்குள் ஏன் போகிறாய் என்று கேட்டீர்கள். பாதைகளுக்காகத்தான், சித்தப்பா. ஆகனுக்குத் தெற்கே ஐஃபல் மலைகள். பெரிய உயரமெல்லாம் இல்லை. பெல்ஜியம் பக்கம் போனால் அந்த நாட்டிலேயே உயரமான இடமான போத்ராஞ் 694 மீட்டர்தான். ஆனால் காடு முழுக்க மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. உடைகல் பரப்பி, மேலே பொடிக்கல் போட்டு, ரோலரால் அமுக்கி, நடுவில் சற்று மேடாக்கி இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் சக்கரம் புதையாது. காடு தனியாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதைகளில் யாரும் நடக்கலாம், சைக்கிளில் போகலாம். நம் ஊரில் எஸ்டேட் கேட்டில் காவலாளியிடம் கெஞ்சிய எனக்கு இதை நம்பவே நாளாயிற்று. 2004இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதியில் மட்டும் அடையாளமிட்ட பாதைகளைவிட்டு விலகக் கூடாது.

காட்டுக்கு ஏற நான் பழைய ரயில் பாதையைத்தான் பிடிப்பேன். ஃபென்பான் என்று பெயர். ஆகனிலிருந்து லக்சம்பர்க்கின் வடக்கு வரை 125 கிலோமீட்டர். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்த ரயில் பாதையை பெல்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயில் நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அந்த நிலக்கீற்று இன்றும் பெல்ஜியம்தான். இடப்பக்கமும் ஜெர்மனி, வலப்பக்கமும் ஜெர்மனி, நடுவில் நான் பெல்ஜியத்தில் பெடல் மிதித்துக்கொண்டிருப்பேன். இதனால் ஜெர்மனியின் ஐந்து துண்டுகள் பெல்ஜியத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று நாலைந்து ஏக்கர்தான் இருக்கும்.

எல்லை இப்படி இருந்தால் கடத்தல் இல்லாமலா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் காப்பிக்கு ஏகப்பட்ட வரி, பெல்ஜியத்தில் மலிவு. இந்தக் காட்டுக்குள் ராத்திரியில் மூட்டை மூட்டையாகக் காப்பிக்கொட்டை வந்திருக்கிறது. துரத்தும் சுங்கத்துறைக் கார்களைப் பஞ்சர் ஆக்க, எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும் இரும்பு முள்களைக் கடத்தல்காரர்கள் சாலையில் வீசினார்கள். சுங்கத்துறையினர் ஒரு போர்ஷே காரின் சக்கரங்களுக்கு முன்னால் துடைப்பம் கட்டி முள்ளைப் பெருக்கிக்கொண்டே துரத்தினார்களாம்! கடைக்கு வரும் உங்கள் கூட்டாளிகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். 1953இல் வரியைக் குறைத்ததும் தொழில் படுத்துவிட்டது. ஷ்மிட் என்ற கிராமத்தில் போரில் இடிந்த தேவாலயத்தைத் திரும்பக் கட்ட அந்தக் காப்பிப் பணமும் உதவியது. ஊரார் இன்றும் அதைப் 'புனித மோக்கா' என்றே அழைக்கிறார்கள், மோக்கா என்றால் காப்பி. அந்த ஊரைச் சுற்றிய காட்டில் 1944 செப்டம்பர் முதல் 1945 பிப்ரவரி வரை நடந்த சண்டையில் அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் சாலை போகிறது.

மேலே மொன்ஷாவ் பக்கத்துக் கிராமங்களில் வீடுகளின் மேற்குப் பக்கம் பீச் மரத்தை வேலியாக வளர்த்திருக்கிறார்கள். வேலி என்றால் இடுப்பளவு அல்ல, கூரையை எட்டும். மழைக்காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். குளிர்காலத்தில் அந்த வேலியின் இலை பழுப்பாகக் காய்ந்தும் உதிராமல் வசந்தம் வரை ஒட்டிக்கொண்டே நிற்கும். ஓரமாகச் சைக்கிளை நிறுத்தினால் சட்டென்று காற்று நின்றுவிடும், தலைக்கு மேலே இலைகளின் சரசரப்பு மட்டும் கேட்கும்.

அங்கிருந்து இறங்கினால் ரூர் ஆறு. நிலக்கரிக்குப் பேர்போன ரூர் வேறு, இது வேறு. சதுப்பு நிலத்தில் பிறப்பதால் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் ஓடும். சுண்ணாம்பு இல்லாத மென்மையான தண்ணீர், கம்பளி அலச ஏற்றது. மொன்ஷாவ் துணி வியாபாரிகள் செழித்தது அதனால்தான். ஆற்றை ஒட்டிய கல் பாதையில் பள்ளத்தாக்கு வளைய வளைய நாமும் வளைந்து போனால் அணைகள் வந்துவிடும். ஊர்ஃப்ட் அணையைக் கட்டி முடித்தது 1905இல். அன்றைக்கு ஐரோப்பாவிலேயே பெரியது. நம் பேச்சிப்பாறை 1906. ஒரே சமயத்தில் இங்கேயும் அங்கேயும் கல் சுமந்திருக்கிறார்கள். ஹைம்பாஹ் ஊரில் ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு டியூரன் வழியாகத் திரும்பிவிடுவேன்.

காடெல்லாம் பச்சை என்று நினைத்துவிட வேண்டாம். 2018இலிருந்து தொடர்ந்த வறட்சியில் மரப்பட்டையைத் துளைக்கும் வண்டு புகுந்து ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களைக் கொன்றுவிட்டது. முழு மலைச்சரிவுகள் மொட்டையாகக் கிடக்கின்றன. ஒரே மரத்தை வரிசையாக நட்டால் வரும் வினை இது. ரப்பர் தோட்டக்காரர்களிடம் சொன்னால் கோபப்படுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரும்பாலான கடைகள் திறக்காது. அறையில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். காட்டில் எதிரே வருகிறவர்கள் யாரானாலும் ஒரு வணக்கமாவது சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சொன்னதில்லை.

பக்கத்துக் கடைப் பையன் இதே மாதிரி சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டானாமே? பேச்சிப்பாறைப் பக்கத்து எஸ்டேட் ரோட்டுக்கு அகல டயரும் நல்ல பிரேக்கும் போதும், இவ்வளவு பணம் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் மே மாதம் வருவதாக இருந்தால் விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை இப்போதே தயார் செய்கிறேன். என் பின் சக்கரத்தில் லேசான கோட்டம் இருக்கிறது. இங்கே கடையில் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்போக் நிப்பிள் 3.23 மில்லிமீட்டர். உங்கள் சாவி பொருந்துமா என்று அளந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்