நாளைக்கு வேறு பேட்டரி செல் வந்தால் இந்த உற்பத்தி லைன் என்ன ஆகும்?

மத்திய கனரகத் தொழில்கள் அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். செல் எனப்படும் சிறு மின்கலங்களைக் கோத்து மின்வாகன பேட்டரி பேக் செய்யும் லைனில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். 2021 மே மாதம், 50 கிகாவாட் மணி செல் உற்பத்திக்காக 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது மனதார மகிழ்ந்தவன். செல்லுக்குள் எந்த வேதிப்பொருள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதில் விட்டது நல்ல முடிவு. ஆனால், போட்ட இயந்திரம் அப்படி விட்டுக்கொடுக்காது.

முன்பு நான் இருந்த ஆலையில் 21700 என்ற அளவு (21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. உயரம்) உருளைச் செல்லுக்கென்றே லைன் போட்டோம். அப்புறம் வாடிக்கையாளர் பெட்டி வடிவ எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்கு மாறிவிட்டார். ஸ்பாட் வெல்டிங் செய்த இடத்தில் இப்போது செல்களை இணைக்கும் உலோகப் பட்டையை (பஸ்பார்) லேசரால் வெல்டு செய்ய வேண்டும். செல்லைப் பிடிக்கும் கிரிப்பர் முதல் அதை அசையாமல் நிறுத்தும் ஃபிக்சர் வரை எதுவும் பொருந்தவில்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போனது. லைன் மாதக்கணக்கில் நின்றது, முதலில் வேலை இழந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்த முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஸ்டேஷன்களைத் தனித்தனியாக, ஒரே அளவு பேலட்டில் அமைத்து, காற்றழுத்த சிலிண்டருக்குப் பதில், நகரும் தூரத்தைப் புரோகிராமிலேயே மாற்றக்கூடிய சர்வோ மோட்டார் போட்டிருந்தால், பாதியாவது மிஞ்சியிருக்கும். முதலீடு கூடும்தான்.

எல்லாவற்றையும் மாறக்கூடியதாகச் செய்யத் தேவையில்லை. ஈரமில்லா ட்ரை ரூம், தகட்டில் வேதிப்பொருள் பூசும் இயந்திரம் இவையெல்லாம் பெரும்பாலும் எந்த செல்லுக்கும் ஆகும். லித்தியத்தை விட்டு சோடியம் அயனி செல்லுக்குப் போனாலும் அப்படித்தான். சோடியம் அலுமினியத்தோடு கலவையாவதில்லை என்பதால் எதிர்மின்முனையில் செம்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியமே போதும். அதற்கேற்ப தகட்டின் இழுவிசையும் வெல்டிங் அளவுகளும் மாறும், அவ்வளவே. செல்லைச் சுருட்டி அல்லது அடுக்கி உறையில் அடைக்கும் இடத்திலும், அதை பேக்காகக் கோக்கும் இடத்திலும்தான் கை கட்டிப்போகிறது.

ஆகவே என் கோரிக்கை இது. அந்தத் திட்டத்தில், உள்நாட்டு மதிப்புக்கூட்டல் (செல்லின் மதிப்பில் நம் நாட்டில் உருவாகும் பங்கு) 2 ஆண்டில் 25 சதவீதம், 5 ஆண்டில் 60 சதவீதம் என்று இலக்கு வைத்தீர்கள். அடுத்த சுற்றில், ஒரு செல் அளவிலிருந்து இன்னொன்றுக்கு மாற எத்தனை நாள் ஆகும் என்பதையும் நிறுவனங்கள் எழுதித் தரட்டும், ஆலையில் செய்தும் காட்டட்டும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் விஞ்ஞானிகளை அந்தச் சோதனையில் அமர்த்தலாம். இயந்திரத்தின் கன்ட்ரோல் புரோகிராமைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டாமல் வாங்கியவரிடம் ஒப்படைப்பதும் நிபந்தனையாகட்டும். ஒரேயொரு அளவைத் திருத்த, வெளிநாட்டுப் பொறியாளரின் விசாவுக்காக நாங்கள் நாள் கணக்கில் காத்திருந்தோம்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர்