மூலத்துக்கு வளையம் போட ஓ.பி.யில் ஒரு மேசை கேட்கிறோம்

மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் நடந்துவந்த 'மூலம், பவுத்திரம்' கிளினிக்குக்கு உங்கள் குழுவினர் சீல் வைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். படத்தில் பூட்டு பளிச்சென்று தெரிந்தது. நன்றி. ஆனால் அந்த மாடிப்படி ஏறியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றும் விசாரித்திருக்கலாம். பலரும் அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

என் அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மூன்றாம் நிலை உள்மூலம். மலம் கழிக்கும்போது வெளியே இறங்கும், தானாக உள்ளே போகாது, விரலால் தள்ளிவிட வேண்டும். நிலைகளைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு லாரி டிரைவர் அதை எங்கே வைத்துச் செய்கிறார் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையோரம் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறையில். தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, குழாயில் தண்ணீர் வராது என்று தெரிந்து கையோடு கொண்டுபோன ஒரு லிட்டர் பாட்டிலில் பாதியை மிச்சம் பிடித்து. வெளியே கிளீனர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். கறை பட்ட லுங்கியைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு, மறுபடியும் அதே சீட்டில் ஏறி உட்கார வேண்டும். இதற்குப் பயந்தே வண்டி ஏறுகிற நாளில் சாப்பாட்டைக் குறைத்தார், தண்ணீரைக் குறைத்தார். மலம் இன்னும் இறுகியது, ரத்தம் இன்னும் கூடியது. வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. துணி துவைக்கும்போது அக்காவேதான் கண்டுபிடித்தாள்.

அரசு மருத்துவமனைக்குப் போனார். பார்த்த சர்ஜன் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். "உங்களுக்கு ரப்பர் வளையம் போட்டுப் பார்க்கலாம், ஆனால் இங்கே கருவி இல்லை. ஆபரேஷன் என்றால் தேதி தருகிறேன், அப்புறம் மூணு நாலு வாரம் வண்டி ஓட்டக் கூடாது" என்றார். தினப்படிக்கு ஓடுகிறவருக்கு அந்த மூணு நாலு வாரச் சோற்றை யார் போடுவது? லேசர் என்று போர்டு வைத்த இடத்தில் தொகையைக் கேட்டதும் திரும்பிவிட்டார். மிச்சம் இருந்தது அந்த மாடிப்படி. என்ன மருந்தென்றே சொல்லாமல் ஓர் ஊசி போட்டார்கள். அந்த இடம் அழுகிப் புண்ணாகி, ஆறும்போது ஆசனவாயே சுருங்கிப்போய்விட்டது. இப்போது அதை விரித்துவிட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேறொரு ஆபரேஷன். எந்த ஓய்வுக்குப் பயந்து ஓடினாரோ, அதைவிட நீண்ட ஓய்வில் வீட்டில் படுத்திருக்கிறார்.

இல்லை என்று சொன்ன அந்தக் கருவி ஒன்றும் ராக்கெட் இல்லை. 1963-இல் பாரன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த முறை. ஆசனவாய்க்குள் பார்க்க உதவும் புரோக்டோஸ்கோப் என்ற குழாய் வழியே பார்த்து, உள்மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் சுருங்கி உதிர்ந்துவிடும். வளையம் மாட்டும் இடத்தில் வலி தெரியும் நரம்பு இல்லாததால் மயக்க மருந்து வேண்டாம், படுக்கை வேண்டாம். பெரும்பாலோர் சில நாளில் வேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு மறுபடி வரும், மறுபடி போட வேண்டும். தள்ளினாலும் உள்ளே போகாத நான்காம் நிலைக்கும் பெரிய வெளிமூலத்துக்கும் இது போதாது, 1937-இல் மில்லிகனும் மார்கனும் எழுதிவைத்த மாதிரியான ஆபரேஷன்தான் வழி. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தேவைப்படாதவரையும் அதே வரிசையில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். ஊசி வைத்தியமும் முறைப்படி உண்டு. பாதாம் எண்ணெயில் கலந்த ஃபீனால் என்ற ரசாயனத்தை, அளவோடு, சரியான இடத்தில், தெரிந்த கை போட வேண்டும். மாடியில் இருந்தது அந்தக் கை இல்லை.

ஆகவே கேட்பது ஒன்றே: மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் ஓ.பி.யிலேயே வளையம் போட வசதி செய்யுங்கள்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருந்து விதிகளின் அட்டவணை ஜே, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல். அதில் மூலமும் பவுத்திரமும் இருக்கின்றன. நம் ஊர்ச் சுவர்கள்தான் இன்னும் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. 'ஆபரேஷன் இல்லை, ஒரே ஊசியில் நிரந்தர குணம்' என்ற போஸ்டர் அரசு மருத்துவமனை மதில்மேலேயே ஒட்டியிருந்தது. பொருத்தமான இடம்தான், உள்ளே கருவி இல்லை என்று கேட்டு வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படும். கொடுமை என்னவென்றால், ரத்தம் போவதெல்லாம் மூலமும் இல்லை. பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் போகும். உள்ளே பார்க்காமலே ஊசி போடுகிற இடத்தில் அது எப்போது தெரியவரும்?

சரி, போஸ்டரை விடுங்கள். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் வாங்கிப்போகும்வரை ஓரமாக நின்று, பிறகு குனிந்து "அந்த ஆயின்மென்ட்" என்று கேட்பவர்கள் தினமும் வருகிறார்கள். பெண்கள் வருவதே இல்லை, பிள்ளைகளிடம் பழைய டியூபைக் கொடுத்தனுப்புகிறார்கள். சித்தா பிரிவில் வாங்கிய கருணைக்கிழங்கு லேகியத்தைச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. மலச்சிக்கல் தீர்ந்தால் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு நிம்மதிதான். அதற்கு மேல் போனவர்களை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாரத்தில் ஒரு நாள் போதும். மறைப்புத் திரையோடு ஒரு மேசை, வளையம் போடும் கருவி, பயிற்சி பெற்ற ஒரு சர்ஜன், முடிந்தால் ஒரு பெண் மருத்துவர். தயவுசெய்து செய்து கொடுங்கள். எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். என் கடையிலும் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர்