கரிசலை நனைத்தும் பாருங்கள், காய வைத்தும் பாருங்கள்: சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் காட்டில் புதுத் தார்ச்சாலை ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் பிளப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஐப்பசி மழையில் ஓரம் தண்ணீர் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் அதே ஓரம்தான் முதலில் காய்ந்து சுருங்கும். தாருக்கு அடியில் நடுப்பகுதியோ ஈரம் விடாது. இந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது.

அண்மையில் எங்கள் பார்வைக்கு வந்த அறிக்கை ஒன்றில், சிபிஆர் (சாலை அடிமண்ணின் தாங்குதிறனை எண்ணாகக் காட்டும் சோதனை) அச்சில் மண்ணை இடித்த தேதியும் அழுத்திப் பார்த்த தேதியும் அடுத்தடுத்த நாட்கள். 150 மி.மீ. அச்சு, மேலே 5 கிலோ பாரம், முக்காலியில் உப்பலை அளக்கும் டயல் கேஜ், தொட்டியில் 96 மணி நேரம் ஊறல். இதுதானே முறை? கரிசலுக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு நாளில் எடுத்தால் உள்மண் இறுக்கமாகவே நிற்கும், எண் கூடுதலாக வரும், அந்த எண்ணை நம்பிச் சாலையின் கனம் குறையும். உப்பல் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது. அதில்தான் கையொப்பமும் விழுந்திருக்கிறது.

96 மணி நேரம் ஊற வைத்தாலும் பாதி உண்மைதான் தெரியும். மண் காயும்போது என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மண்ணின் உயர மாற்றத்தை அளக்கும் ஈடோமீட்டர் கருவியின் வளையத்தில் உப்ப விட்டு, 40 டிகிரி அளவில் காய வைத்து, மறுபடி நனைத்து, ஒவ்வொரு தடவையும் உயரத்தைக் குறியுங்கள். முதல் சுற்றின் அளவும் நான்காம் சுற்றின் அளவும் ஒன்றாக இராது. சுண்ணாம்பு கலந்த மண்ணும் இப்படி நனைந்து காய்ந்தால் பெற்ற பலத்தில் ஒரு பங்கை இழக்கும்.

சாயங்காலமே முடிவு வேண்டும் என்று ஒப்பந்ததாரர் நிற்கிறார். நீர்ம எல்லை (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு) பார்க்க நிழலில் உலர்த்த வேண்டிய மண் மாதிரி 110 டிகிரி அடுப்புக்குள் போகிறது. மாதிரியைக் கொண்டுவருபவரும் அவரே, கட்டணம் கட்டுபவரும் அவரே. இதில் பரிசோதனைக்கூட ஊழியரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பணிவோடு கேட்கிறோம். கரிசல் நிலத்து ஒப்பந்தங்களில் குறைந்தது நான்கு நனைத்தல்–உலர்த்தல் சுற்றுகளைக் கட்டாயமாக்குங்கள். நான்கு நாள் டயல் கேஜ் குறிப்பும் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். மாதிரியை உங்கள் ஆட்களே எடுக்கட்டும்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைத் தொழில்நுட்பர்கள் சிலர்